சார்ட்டில் ஏறாத பட்டினி

மருத்துவர் பதில்

எழுதியிருப்பவர் நர்சிங் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. வயது 20. ஹாஸ்டல் வாசம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் பயிற்சி பெறும் நாட்களில் இவர் எழுவது காலை 5 மணிக்கு. குளியலறை வரிசையில் நின்று, யூனிபார்ம் மாட்டி, கொண்டை போட்டு, 6.15-க்குப் பேருந்தில் ஏறியாக வேண்டும். மெஸ்ஸில் காலை உணவு தயாராவதோ 6.45-க்கு. ஆக, ஒரு டம்ளர் காபியோடு வார்டுக்குப் போகிறார். 7 முதல் 2 வரை டூட்டி. சாப்பிட உட்காரும்போது மணி 3. "அதுவரைக்கும் பசியே தெரியாது டாக்டர். ஆனா உட்கார்ந்துட்டா என்னால நிறுத்த முடியல" என்கிறார். இரவு கேர் பிளான் (நோயாளியைக் கவனிக்கும் திட்டம்) எழுதி முடிக்க 1 மணி ஆகிறது; துணைக்கு பிஸ்கட், சிப்ஸ். ஒன்றரை ஆண்டில் எடை 56 கிலோவிலிருந்து 61 ஆகியிருக்கிறது. உயரம் 158 செ.மீ. ஓராண்டாக மாதவிலக்கு 45, 50 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. டூட்டியில் கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து, தோழியிடம் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிச் சமாளித்திருக்கிறார்.

போன மாதம் ஒரு நாள் காலை 11 மணிக்கு, சர்க்கரை நோயாளி ஒருவரின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் நடந்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். "இதுக்கே விழுந்தா நீ எப்படிம்மா நர்ஸ் ஆவே?" என்று எல்லார் முன்னாலும் டியூட்டர் கேட்டாராம். அன்று மாலை அறைத்தோழி ஒரு குளூக்கோஸ் டிரிப் போட்டுவிட்டிருக்கிறார். மறுநாள் முதல், எடையைக் குறைக்கலாமென்று இவர் இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் நைட் டூட்டி வேறு தொடங்குகிறது.

எந்த டயட் இருக்கலாம், வார்டில் 9,000 அடி நடப்பதே உடற்பயிற்சிதானே, இதயத்தில் கோளாறு இருக்குமோ, நோயாளி காத்திருக்கும்போது நான் சாப்பிடப் போவது சுயநலமில்லையா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் எழுதுகிறார்: "என்ன சாப்பிடணும், என்ன கூடாதுன்னு ஒரு பேஷன்டுக்கு அரை மணி நேரம் ஹெல்த் எஜுகேஷன் குடுத்துட்டு, வராந்தாவுல நின்னு கிரீம் பிஸ்கட் தின்னேன். என்னைப் பார்த்தா எனக்கே போலி மாதிரி இருக்கு."

அன்புள்ள மாணவிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாண்டில், அமெரிக்கச் செவிலியர் டோரத்தியா ஓரெம் சொன்ன சுய பராமரிப்புக் கோட்பாட்டை மனப்பாடம் செய்திருப்பீர்கள். காற்று, நீர், உணவு, கழிவு நீக்கம், இயக்கமும் ஓய்வும் என்று அந்த எட்டுத் தேவைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். ஓரெம் அதில் 'பற்றாக்குறை' என்று எதைச் சொன்னார்? ஒருவரிடம் கேட்கப்படுவது அவரால் முடிந்ததைவிட அதிகமாகிவிட்டால், அந்த இடைவெளிதான் பற்றாக்குறை. நோயாளி சோம்பேறி என்றோ போலி என்றோ அந்தக் கோட்பாட்டில் எங்கும் வராது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சரிவிகித உணவு பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு நீங்கள் பத்தும் வாங்குவீர்கள். உங்களிடம் இல்லாதது காலை ஐந்தரைக்குப் பத்து நிமிஷமும், பத்து மணிக்குப் பதினைந்து நிமிஷமும். அறிவு குறையவில்லை, ஒழுக்கமும் குறையவில்லை. டூட்டி நேரத்துக்கும் மெஸ் நேரத்துக்கும் நடுவே நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மயங்கி விழுந்த அன்றைக்கு உங்கள் இன்டேக்–அவுட்புட் சார்ட்டை, அதாவது உள்ளே போனது எவ்வளவு, சிறுநீராக வெளியேறியது எவ்வளவு என்ற கணக்கை, நான் போட்டுப் பார்த்தேன். இரவு 1 மணி: பிஸ்கட். காலை 5.30: காபி, 150 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 6, 7, 8, 9, 10 எல்லாம் கோடு. 11 மணிக்குத் தரையில் விழுந்தீர்கள். அவுட்புட் பக்கத்தில் காலை 5.15-க்கு ஒருமுறை, அடுத்தது, கடிதத்தில் நீங்களே எழுதியிருப்பதுபோல, ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான். ஒரு நோயாளியின் சார்ட் இப்படி இருந்தால் 8 மணிக்கே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டிருப்பீர்கள். சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே.

மயக்கத்தைப் பற்றி

நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் சாதாரண மயக்கம்தான். அதாவது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக வருவது. நெடுநேரம் அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. அதோடு வெறும் வயிறு, உடம்பில் நீர்ச்சத்துக் குறைவு, மாஸ்க், புழுக்கம், புண்ணின் வாடை. இத்தனையும் சேர்ந்திருக்கும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சட்டென்று மந்தமாக்கும், ரத்தக் குழாய்கள் தளரும், மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறையும். விழுந்து படுத்தவுடன் ரத்தம் திரும்பிவிடுவதால் தெளிவும் வந்துவிடுகிறது. ஒருவகையில், உடம்பே உங்களைப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறது.

ரத்தம் பார்த்துப் பயந்துதான் விழுந்தீர்கள் என்று டியூட்டர் நினைத்திருக்கலாம். அதே டிரெஸ்ஸிங்கை அதற்கு முன் நான்கு முறை பார்த்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயம் என்றால் முதல் நாளே விழுந்திருப்பீர்கள். ரகசியம் ஒன்று சொல்கிறேன்: மருத்துவ மாணவனாக இருந்தபோது அறுவை அரங்கில், கையில் ரிட்ராக்டரோடு (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) நானும் விழுந்தவன்தான். நோயாளியின் மேல் விழாமல் பின்பக்கமாகச் சாய்ந்தேன். அந்த மட்டும் சாமர்த்தியம். அன்றைக்கு நானும் காலையில் சாப்பிட்டிருக்கவில்லை.

இந்த மயக்கம் பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. கொட்டாவி, குப்பென்று வியர்வை, குமட்டல், காதில் ரீங்காரம், பார்வையின் ஓரங்கள் இருண்டு வருவது என்று கொஞ்சம் அவகாசம் தரும். அந்த அவகாசத்தில் வெட்கப்படாமல் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிடுங்கள், தரையானாலும் சரி. கிருமி நீக்கிய கருவிகள் இருக்கும் ஸ்டெரைல் டிரேயின் மேல் விழுவதைவிட "சிஸ்டர், நான் கொஞ்சம் உட்கார்றேன்" என்று சொல்வது எவ்வளவோ பொறுப்பான காரியம். உட்கார இடமில்லையென்றால் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் வயிற்றையும் இறுக்குங்கள், இரண்டு கைகளையும் கோத்து எதிரெதிராக இழுங்கள். இறுகும் தசை ரத்தத்தை மேலே தள்ளும். நெடுநேரம் நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் இதற்காகத்தான்.

இதயக் கோளாறு இருக்குமோ என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஒருமுறை இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம் வந்தாலும், படுத்திருக்கும்போது வந்தாலும், அதற்கு முன் படபடப்பு இருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

டயட் வேண்டாம், டிபன் பாக்ஸ் போதும்

எந்த டயட் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வேண்டாம். நிறுத்திய இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள்.

'நான் அதிகமாகச் சாப்பிடுகிறேன், அதனால் ஒரு வேளையைக் குறைக்க வேண்டும்' என்பது உங்கள் கணக்கு. நான் பார்ப்பது வேறு. நள்ளிரவு 1 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு. அதன் முடிவில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரும் யாராலும் நிறுத்த முடியாது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போது உச்சத்தில் இருக்கும். பசியே தெரியாது என்கிறீர்களே, அது காபியும் பரபரப்பும் சேர்ந்து பசியை மூடி வைத்திருப்பது. ஏழு மணி நேரம் மூடி வைத்தது மூன்று மணிக்குப் பொங்குகிறது. இப்போது இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தியதால் நள்ளிரவு பிஸ்கட் பாக்கெட் ஒன்றுக்கு இரண்டாகியிருக்குமே? கடிதத்தில் இதை நீங்கள் எழுதவில்லை, நானாகத்தான் ஊகிக்கிறேன்.

ஐந்தரைக்கு, காபியோடு சேர்த்து, கையில் பிடித்துத் தின்னக்கூடிய ஏதாவது ஒன்று. முந்தின இரவே வாங்கி வைத்த வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும். அந்த நேரத்துக்கு வயிறு ஏற்காது என்பீர்கள். முதல் வாரம் ஏற்காதுதான். பாதிப் பழத்தில் ஆரம்பியுங்கள். பிறகு பத்து மணிக்கு ஒரு சின்ன டிபன் பாக்ஸ்: அவித்த முட்டை இரண்டு, அல்லது வேகவைத்த கடலை, அல்லது ஒரு கைப்பிடி நிலக்கடலையோடு ஒரு பழம். புரதம் இருந்தால்தான் இரண்டு மணி வரை தாங்கும். பிஸ்கட் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இந்த இரண்டும் நிலையாகிவிட்டால் மூன்று மணிச் சாப்பாடு தானாகவே சாதாரண அளவுக்கு வந்துவிடும். அப்போது தட்டில் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொள்ளட்டும். காயும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உங்கள் உடல் நிறை குறியீட்டெண் 24.4. அதிக எடை என்று உலக சுகாதார நிறுவனம் போட்ட பொதுக் கோடு 25. ஆசிய வம்சாவளியினர் 23-லிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று அதன் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. ஆகவே இது அலட்சியம் செய்யக்கூடியதும் இல்லை, பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை. மூன்று மாதத்துக்கு எடை மெஷின் பக்கமே போகாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டேனா என்பதை மட்டும் கணக்கு வையுங்கள்.

பதினைந்து நிமிஷத்தைக் கேட்பது எப்படி

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நோயாளி அருகில் தண்ணீர் பாட்டிலை எடுத்ததற்கு இன்சார்ஜ் சிஸ்டர் கடிந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரி. ரத்தமும் உடல் திரவங்களும் புழங்கும் இடத்தில் வாயில் எதையும் வைக்கக் கூடாது. தொற்றுக் கட்டுப்பாட்டின் அடிப்படை விதி அது. ஆனால் 'இங்கே குடிக்காதே' என்று அவர் சொன்னதை 'டூட்டியில் குடிக்கவே கூடாது' என்று நீங்களாகவே நீட்டிக்கொண்டீர்கள். அந்த விதியிலேயே அடங்கியிருப்பது என்னவென்றால், கை கழுவிவிட்டு, வார்டுக்கு வெளியே சுத்தமான இடத்துக்குப் போய்க் குடிக்க வேண்டும் என்பதுதான்.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "பசிக்குது சிஸ்டர்" என்றால் "எங்களுக்கு மட்டும் பசிக்கலையா?" என்று பதில் வரும். "10.15-லிருந்து 10.30 வரை போய்ட்டு வரட்டுமா சிஸ்டர்? 7-ம் 8-ம் பெட் பேஷன்டுகளை இவ பாத்துக்குவா. 10 மணி வைட்டல்ஸ் எழுதிட்டேன்" என்று கேட்டுப் பாருங்கள். அது ஹேண்ட் ஓவர். ஒப்படைத்துவிட்டுப் போகிறவரை எந்த இன்சார்ஜும் லேசில் தடுக்க மாட்டார். தோழியும் நீங்களும் முறை வைத்துக்கொண்டால் இருவர் சாப்பாடும் முடிந்துவிடும்.

தனியாகக் கேட்டால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்ற பயம் புரிகிறது. அந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆகவே பெரிய கோரிக்கையை வகுப்பாகச் சேர்ந்து வையுங்கள். கல்லூரியில் சேர்ந்தபோது தந்த மாணவர் கையேட்டை எடுத்து, கிளினிக்கல் நேரமும் இடைவேளையும் எப்படிச் சொல்லப்பட்டிருக்கின்றன என்று முதலில் படியுங்கள். பிறகு வகுப்புப் பிரதிநிதி மூலமாக இரண்டே வரி: போஸ்டிங் நாட்களில் காலை உணவை 5.45-க்கே பொட்டலமாகத் தர வேண்டும். 10 மணியளவில் முறை வைத்து இடைவேளை வேண்டும். அதில் உங்கள் மயக்கத்தை இழுக்காதீர்கள். அது உங்கள் சொந்த மருத்துவ விஷயம், வகுப்பின் மனுவில் அதற்கு வேலையில்லை. டியூட்டர் பேசியதற்கு நியாயம் கேட்பதா வேண்டாமா என்பதும் தனி. ஒரே ஒருமுறை சொன்னதென்றால் நானாக இருந்தால் விட்டுவிடுவேன். வார்டில் எல்லார் முன்னாலும் மறுபடி மறுபடி நடந்தால், தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பு ஆலோசகரிடம் போங்கள்.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தொழிலின் நெறிமுறைகளே இதற்குப் பதில் சொல்கின்றன. சர்வதேச செவிலியர் மன்றத்தின் நெறிமுறைத் தொகுப்பு, 2021-ல் திருத்தப்பட்ட வடிவத்தில், செவிலியர் தம் கண்ணியத்தையும் நலத்தையும் ஆரோக்கியத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் 2015-ம் ஆண்டுத் தொகுப்பு ஐந்தாவது விதியில் இன்னும் நேரடியாகப் போகிறது: பிறருக்குச் செலுத்தும் அதே கடமைகளைச் செவிலியர் தமக்கும் செலுத்தக் கடமைப்பட்டவர். நடைமுறையாகவும் யோசித்துப் பாருங்கம்மா. இரத்தச் சர்க்கரை இறங்கி, கை நடுங்க இன்சுலின் அளவைச் சரிபார்க்கிற ஒருவர் உங்கள் அப்பாவுக்கு ஊசி போட வந்தால் சம்மதிப்பீர்களா?

பரிசோதனைகள்

மாதவிலக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலோ, ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். 'டென்ஷன்தான் காரணம்' என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாகவும் இருக்கலாம், சாப்பாடு தாறுமாறானதும் காரணமாகலாம். கர்ப்பப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். எல்லாருக்கும் எழுதுவதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று வந்துவிட்டால் மட்டும் இடிந்துபோக வேண்டாம். ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து அந்த நோயை உறுதி செய்வதில்லை.

கூடவே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சரியாக இருந்து, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் 15-க்குக் கீழே இருப்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்று வருவார்கள். உணவோடு சேர்த்துக் காபி, டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. முழுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். தேவைப்பட்டால் இப்போதெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள்கூடத் தருகிறோம். ஒரு மாத்திரை போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, மறுநாள் மாத்திரையை உறிஞ்ச விடாமல் தடுப்பதுதான் காரணம்.

நீர்க்கடுப்புக்குத் தோழியின் மிச்ச மாத்திரை எடுத்ததைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைப் பற்றி செமினார் எடுக்கிற ஆள் நீங்கள்! அடுத்த முறை எரிச்சல் வந்தால் மாத்திரைக்கு முன்னால், எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சலோ விலாவில் வலியோ சேர்ந்தால் அன்றே டாக்டர். தண்ணீர் விஷயத்தில் 2018-ல் வந்த ஒரு ஆய்வு உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி நீர்த்தொற்று வந்துகொண்டிருந்த பெண்கள், கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தபோது ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பத்தே காலுக்குச் சாப்பிடப் போகும்போதே கழிப்பறைக்கும் போய்வந்துவிடுங்கள்.

9,000 அடி

பத்தாயிரம் அடி என்ற எண் மருத்துவத்திலிருந்து வந்ததே இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் அது, 'பத்தாயிரம் அடி அளவி' என்று. விளம்பரத்துக்கு அழகாக இருந்தது, நிலைத்துவிட்டது. வார்டில் நீங்கள் நடப்பது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அது நின்று நின்று, திரும்பித் திரும்பி நடக்கிற நடை. கால் வலிக்கும், இதயம் வேகமெடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டி கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதம். தொடர்ந்து பத்து நிமிஷமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அந்த வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள். ஹாஸ்டல் மாடிப்படியை வேகமாக ஏறும் இரண்டு நிமிஷமும் கணக்கில் சேரும்.

அதே வழிகாட்டியில் எல்லாரும் தாண்டிப் போகும் வரி ஒன்று உண்டு: வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. உங்கள் தொழிலுக்கு நடையைவிட இதுவே முக்கியம். நோயாளியைத் தூக்கும்போது கையால் தாங்கும் எடை ஏறக்குறைய 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2007-லேயே வகுத்திருக்கிறார்கள். படுக்கையில் மேலே நகர்த்துகிற எந்தப் பெரியவரும் அதைவிடப் பல மடங்கு கனம். 'முட்டியை மடக்கு, முதுகை நேராக வை' என்ற பாடம் மட்டும் காப்பாற்றாது. நோயாளியை வழுக்கி நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பும் இரண்டாவது ஆளும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பதினைந்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பன்னிரண்டு, படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது பதினைந்து. மூன்று சுற்று. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டே செய்யலாம். இதற்காக 4.30-க்கு எழுந்துகொள்ளாதீர்கள். போஸ்டிங் நாளில் தூக்கமா உடற்பயிற்சியா என்று வந்தால் தூக்கம்தான்.

நைட் டூட்டி தொடங்கும் முன்

முதல் நைட்டுக்கு முன்பு பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுங்கள். முழுச் சாப்பாட்டை டூட்டிக்குக் கிளம்பும் முன் முடியுங்கள். நள்ளிரவுக்கு மேல் சின்ன டிபன் பாக்ஸ் போதும், அந்நேரம் குடல் பெரிய சாப்பாட்டை விரும்பாது. காபி முதல் பாதி இரவோடு சரி. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும், நாலு மணிக் காபி காலைத் தூக்கத்தைத் திருடும். ஒரு நாளுக்கு 400 மி.கி. காஃபீன் வரை பெரும்பாலோருக்குப் பாதிப்பில்லை. அது நாலு கப் காபிக்குச் சமம். எனர்ஜி டிரிங்க் வேண்டாம். சின்ன டின் ஒன்றிலேயே 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப் போல மந்தமாகிறது என்று 1997-ல் அளந்து காட்டினார்கள். 24 மணி நேரம் என்றால் 0.10. நைட் முடித்த காலையில் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், தோழியின் பின்னாலும் உட்காராதீர்கள், அவளும் விழித்திருந்தவள்தான். பேருந்தில் வந்து, ஜன்னலை மூடி இருட்டாக்கிக்கொண்டு தூங்குங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிந்துவிட்டதா? முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்க்க வேண்டிய எதிர்ப்பொருள் அளவைப் பார்த்தீர்களா? 10-க்கு மேல் இருந்தால்தான் பாதுகாப்பு. அடுத்தது, அந்தப் 'போலி' என்ற எண்ணம். அது எப்போதாவது வந்து போவதென்றால் சரி. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எதிலும் ஒட்டாமல், அழுகையாக வந்தாலோ, செத்துப்போனால் தேவலை என்று ஒரே ஒருமுறை தோன்றினாலோ, எனக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் அன்றே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.

கடைசியாக அந்த டிரிப். உங்கள் தோழியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் எழுதித் தராமல், ஹாஸ்டல் அறையில், ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டி நரம்பில் ஊசி ஏற்றியது வெளியே தெரிந்தால் இருவர் படிப்புக்கும் ஆபத்து. பாட்டில் வார்டிலிருந்து வந்ததென்றால் திருட்டுப் பழியும் சேரும். நரம்பு வீங்கிச் சீழ் பிடித்திருந்தால் யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பீர்கள்? அறையில் மிச்சமிருக்கும் ஐ.வி. செட்டுகளை இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள். அப்படி என்னதான் உள்ளே போனது என்று நீங்கள் படித்த கணக்கையே போடுவோம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், 500 மி.லி. பாட்டில். நூறு மி.லி.க்கு 5 கிராம் என்றால் மொத்தம் 25 கிராம் சர்க்கரை. ஒரு பெரிய வாழைப்பழத்தில் இருக்கும் மாவுச்சத்தும் ஏறக்குறைய அதுதான். தோழி நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதை உரித்துத் தின்றே முடித்திருக்கலாம்.